இரண்டு பொட்டலம்

சொல்ல ஆரம்பித்தால் தப்பாகத்தான் சொல்லிவிடுவோம் என்று கொளஞ்சிக்குப் பயமாக இருந்தது. ரயிலில் ஏறியதிலிருந்து சொல்வதா, மீன்காரி கூவியதிலிருந்து சொல்வதா, கை கழுவிவிட்டு நிமிர்ந்தபோது சுவரில் பார்த்ததிலிருந்து சொல்வதா. எதில் ஆரம்பித்தாலும் ஒன்று முந்திக்கொண்டு வரும், இன்னொன்று பின்னால் ஒளிந்துகொள்ளும். அவள் எதைச் சொன்னாலும் வாலைப் பிடித்து இழுத்துத்தான் தலையைக் கொண்டுவருவாள் என்று அவள் புருஷன் தெய்வசிகாமணி போகிற இடம் வருகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் அவர். ஒரு முனையில் தொடங்கினால் மறுமுனையில் போய் முடியவேண்டும். நடுவில் ஒரு சுற்று பிசகினாலும் மோட்டார் புகைந்துவிடும் என்பார். கொளஞ்சி ஏழாவதோடு நின்றவள். தம்பி பிறந்தான், இடுப்பில் வைத்துக்கொள்ள ஆள் இல்லை, நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்னாலும் டீச்சர் எழுப்பி ஏதாவது கேட்டால் தெரிந்த பதில்கூடத் தொண்டையில் குறுக்கே விழுந்துகொள்ளும். இப்போதும் அப்படித்தான் விழுந்து கிடந்தது. மாரியம்மன் கோயில் மண்டபத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் வாழையிலைத் துண்டு. அதில் ஒரு பக்கம் நந்தியாவட்டை, ஒரு பக்கம் செவ்வரளி. பக்கத்தில் தினசரிக் காலண்டரில் கிழித்த இரண்டு தாள், ஒரு நூல்கண்டு. வெள்ளைப் பூவை ஒரு தாளில் மடித்துக் கட்டவேண்டும், சிவப்பை ஒரு தாளில் மடித்துக் கட்டவேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கவேண்டும். பூசாரி அம்மன் காலடியில் வைத்துச் சூடம் காட்டியதும் அவள் மகள் வினோதினி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் சென்னைச் சம்பந்தத்தை முடித்துவிடலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். கட்டுவது பெற்றவள் வேலை. கட்டும்போது வேறு யாரும் பார்க்கக்கூடாது என்பதால் புருஷனும் மகளும் நாத்தனார் தனபாக்கியமும் பிரகாரம் சுற்றப் போயிருந்தார்கள். கோயிலுக்குப் பின்பக்கத்திலிருந்து நாத்தனாரின் குரல் மட்டும் கேட்டது. அந்தக் குரலுக்குச் சுவர் ஒரு பொருட்டே இல்லை.

பூவை எடுக்கப் போன கையை மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். இருந்தது. நேற்று எத்தனையோ தடவை கழுவியாயிற்று. ரயிலில் ஆடி ஆடிச் சொட்டுகிற குழாயில், ஸ்டேஷனில், வீட்டுக் கொல்லையில் சாம்பல் போட்டு, காலையில் தலை முழுகியபோது சீயக்காய் போட்டு. இன்னும் வலதுகை விரல் இடுக்கில் மீன்குழம்பு வாசம் போகவில்லை. சர்க்கரை வியாதியில் விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. ஊசி குத்தினால் தெரிவதில்லை, கொதிக்கிற பாத்திரம் சுட்டால் நாலு நிமிஷம் கழித்துக் கொப்புளம் வந்துதான் சொல்கிறது. அப்படிப்பட்ட கையில் இந்த வாசம் மட்டும் எப்படித் தங்கியிருக்கிறது. அல்லது வாசம் கையில் இல்லை, மூக்குக்குள்ளே இருக்கிறதோ. நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்க ஆரம்பித்தார், என்னடி, தெரு எப்படி, வீடு எப்படி, அக்கம்பக்கம் என்ன சொல்றாங்க என்று. தலையை வலிக்கிறது, நாளைக்கு அம்மன்கிட்ட பூ போட்டுக் கேட்டுவிடுவோம், அப்புறம் எல்லாம் சொல்கிறேன் என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். அந்த ஒன்றை மட்டும் சரியாகச் சொன்னாள். அது எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. மாப்பிள்ளை வீட்டை ஒளிவாகப் பார்த்துவிட்டு வரச் சென்னைக்குப் போகும்போது அவர்தான் சொல்லி அனுப்பினார், அக்காவுக்குத் தெரியவேண்டாம், தாம்பரத்தில் உன் சித்தி பேத்திக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொள்வோம் என்று. சம்பந்தம் கொண்டுவந்ததே தனபாக்கியம்தான். மாப்பிள்ளையின் அப்பா அவள் புருஷனுக்குப் பெரியப்பா மகன். அவளுக்குத் தெரிந்தால் என்மேல் நம்பிக்கை இல்லையா என்று குதிப்பாள். அவர் கடை இருக்கிற கட்டடம் வேறு அவள் வீட்டுக் கட்டடம். இவ்வளவும் எடுத்துச் சொல்லி அனுப்பிய மனுஷன் இன்று விடிந்ததும் தானே போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெரியவள் இல்லாமல் பூ போடக்கூடாதாம். வழியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார் போலிருக்கிறது. கோயில் வாசலில் செருப்பை விடும்போது தனபாக்கியம் அவள் காதருகே வந்து, "ஏன்டி, வேவு பாக்கப் போனியாமே. எதுக்கு ரயிலு செலவு? என்கிட்ட கேட்டிருந்தா வூட்டு ஓட்டை ஒடைசல் மொதக்கொண்டு சொல்லியிருப்பேனே" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பூ விழுந்த கையோடு நீயும் பார்த்ததைச் சொல், மாப்பிள்ளையோட அப்பா, மச்சானுக்குப் போன் போடவேண்டும் என்றும் சொன்னாள்.  அவருக்குச் சொல்வதும் ஒன்றுதான், ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். தான் சொல்கிற எந்த வார்த்தையும் மத்தியானத்துக்குள் அந்தத் தெருவுக்கு, அந்த வீட்டுக்கு, அந்த அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்தத் தெரு. அவள் நினைத்துக்கொண்டு போனது வேறு. கல்யாண மண்டபம் மாதிரி அகலமான தெருவாக இருக்கும், வீட்டை எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொள்வோம், முக்குக் கடையில் வெற்றிலை வாங்குகிற சாக்கில் இரண்டு வார்த்தை கேட்போம், யாருக்கும் முகம் காட்டாமல் மத்தியான ரயிலைப் பிடித்துவிடுவோம், இவ்வளவுதான் கணக்கு. அவர் ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார், உள்ளே காலை வைத்துவிடாதே, வைத்தாலும் கை நனைத்துவிடாதே. அதை அவர் சொல்லவேண்டுமா. சம்பந்தம் பேசி முடிகிறவரை மாப்பிள்ளை வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது, சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்று அர்த்தம், இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அவள் பெரியம்மா ஒருத்தி, மாப்பிள்ளை வீட்டில் விக்கல் எடுத்தபோதுகூடத் தண்ணீர் வாங்காமல் விக்கிக்கொண்டே பஸ் ஏறினவள். எழும்பூரில் இறங்கி, கேட்டுக் கேட்டுப் பஸ் ஏறி, பெரம்பூரில் இறங்கும்போதே வெயில் உச்சந்தலையில் உட்கார்ந்துவிட்டது. காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டவள் சாப்பிடவில்லை. ரயிலில் இட்லி விற்றார்கள், ஊசிப்போயிருக்குமோ என்று வாங்கவில்லை. தெருப் பெயர் சரியாக இருந்தது, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். பதினாலாம் நம்பர் வீடு. பதினாலில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. அங்கே கேட்டதற்குக் கடையிலிருந்த பெண் பழைய நம்பரா புது நம்பரா என்று கேட்டாள். கொளஞ்சிக்குப் புரியவில்லை. வீட்டுக்கு எப்படி இரண்டு நம்பர் இருக்கும். மனுஷனுக்கு இரண்டு பேர் இருக்கலாம், வீட்டுக்கு எதற்கு. தெரியலையே என்றதும் அந்தப் பெண் செல்போனைப் பார்க்கக் குனிந்துவிட்டாள். கொளஞ்சி தெருவில் மேலும் கீழும் நடந்தாள். நம்பர்கள் ஒழுங்காக வரவில்லை. ஏழுக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு இருந்தது, அதற்குப் பக்கத்தில் நம்பரே இல்லாமல் ஒரு கேட்டு. வியர்த்தது. பிறகு வியர்வை சில்லிட்டது. கால் தன் கால் மாதிரி இல்லை. நெத்திலி, சங்கரா என்று ஒரு மீன்காரி கூவிக்கொண்டு போனதும், ஒரு வீட்டு வாசலில் யாரோ பேரம் பேசியதும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல இருந்தது. பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுவரில் முப்பத்தொன்று என்று பெயிண்டில் எழுதியிருந்ததைப் பார்த்தது நினைவிருக்கிறது. இது இல்லை, இது நம்ம நம்பர் இல்லை, இங்கே உட்காரலாம் என்று நினைத்ததும் நினைவிருக்கிறது.

அப்படித்தான் உட்கார்ந்தாள். அதைத்தான் சொல்லவேண்டும், முதலில் அதைச் சொல்லவேண்டும். தெரிந்து போகவில்லை, நம்பர் பார்த்துத்தான் உட்கார்ந்தேன் என்று. ஆனால் அதைச் சொன்னால் அடுத்ததைச் சொல்லவேண்டியிருக்கும். மீன் வாங்கிக்கொண்டிருந்த பெண்பிள்ளைதான் ஓடிவந்து பிடித்தாள். அவளைவிட இரண்டு மூன்று வயது இளையவளாக இருப்பாள். ஒல்லி. நைட்டிக்கு மேலே துண்டு போட்டிருந்தாள். உள்ளே கூட்டிப்போய் ஃபேனைப் போட்டு, சர்க்கரையை அள்ளித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். குடித்தாள். சாப்பிட்டீங்களாக்கா என்றாள். இல்லை என்றதும் வேறெதுவும் கேட்கவில்லை, தட்டை வைத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. யார் வீடோ, எந்தப் புண்ணியவதியோ. முதல் நாள் வைத்த குழம்பு, சுண்டி, எண்ணெய் மேலே மிதந்து. அந்தப் பசியில் அந்தச் சோறு இறங்கியதை நினைத்தால் இப்போதும் வாய் ஊறுகிறது. வாய் ஊறுவது வெட்கமாக இருக்கிறது. இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மீன் விலை பேசினாள் அந்த அம்மாள், தண்ணி லாரிக்காரன் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதைப் பேசினாள், ஊர்ப்பக்கத்து மனுஷங்களைப் பார்த்தால் சோறு போடத் தோணுது என்றாள். அப்போதுதான் கொளஞ்சி கவனித்தாள், அவள் இடது கையால் பரிமாறினாள். சோற்றை இடது கையால் போடுகிறாளே என்று முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டாள் போல. வலது கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டு மடங்கவில்லை. எலும்பு ஒரு பக்கம் துருத்திக்கொண்டு, சரியாகச் செதுக்காத உலக்கை மாதிரி இருந்தது. விழுந்தீங்களாம்மா என்று கொளஞ்சி கேட்டாள். கேட்டிருக்கக்கூடாது. சாப்பிட்டோமா, கும்பிட்டோமா, எழுந்து வந்தோமா என்று இருந்திருக்கவேண்டும். அவள் குழம்பை இன்னொரு கரண்டி விட்டுவிட்டு, "விழலக்கா. விழுந்தேன்னு சொல்றது" என்றாள். மழை நாளில் வலிக்கும் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். வீட்டுக்காரரா என்று கேட்டதற்குச் சிரித்தாள். "அவருக்குக் கை ஓஞ்சுபோச்சு. இப்ப பையன்." கதவு இடுக்கில் கையை வைத்துச் சாத்தினானாம். எதற்கு என்றால், காப்பி ஆறிவிட்டதாம். அப்புறம் அவனே ஆட்டோ வைத்துக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டானாம். அழுதானாம். வெளியே எல்லாருக்கும் தங்கம், பக்கத்து வீட்டுக் கிழவிக்கு ரேஷன் வாங்கிக் கொடுப்பான், வாசல்படி தாண்டி உள்ளே வந்தால்தான் வேறே ஆள் என்றாள். கொளஞ்சி சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பேச்சில் கை நின்றிருக்கவேண்டும். நிற்கவில்லை. முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்து வைத்துச் சாப்பிட்டாள். "பொண்ணு பாத்திருக்காங்க அவனுக்கு. தெக்கத்திப் பக்கம். போட்டோ பாத்தேன், நல்லா லட்சணமா இருக்கு. நம்ம வயித்துல பொறந்ததா இருந்தா இந்த வூட்டுக்குக் கொடுப்பமான்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தாள்.  பிறகு, தரையைப் பார்த்தபடி, "ஆனா அவ வந்தா எனக்குக் கொஞ்சம் ஓயும்னும் தோணுதுக்கா" என்றாள்.

ஓயும். அந்த வார்த்தைதான் ரயில் முழுக்கச் சக்கரத்தோடு சேர்ந்து ஓடிவந்தது. ஓயும் ஓயும் ஓயும் என்று செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் எல்லாம் தாண்டி வந்தது. கை கழுவப் பின்னால் இருந்த தொட்டிக்குப் போனாள். கழுவிவிட்டு நிமிர்ந்தால் எதிர்ச் சுவரில் படம். நீலச் சட்டை, கையைக் கட்டிக்கொண்டு, பின்னால் கடல். அந்தப் படம் அவள் வீட்டில் புருஷன் செல்போனில் இருக்கிறது, நாத்தனார் செல்போனில் இருக்கிறது, மகளின் செல்போனில் முகப்பிலேயே இருக்கிறது. திவாகர். அவள் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பயமாக வரவில்லை. அழுகையாக வரவில்லை. பல்லுக்கு மருந்து போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, அப்படி உடம்பு பூராவும் மரத்து, உடம்புக்கு வெளியே நின்று உடம்பைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. நல்ல குழம்பு என்று நினைத்தாள். அந்த நேரத்தில் அதைத்தான் நினைத்தாள், அம்மன்மேல் ஆணை. வாசலுக்கு வரும்போது நிலைக்கு மேலே எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு சின்னத் தகடு இருந்தது. அதில் பழைய நம்பர், பதினாலு. முன்னேயே தலையைத் தூக்கியிருந்தால் பார்த்திருக்கலாம். எந்த ஊர்க்கா என்று கேட்டபோது திருக்கோவிலூர் என்று வாய் தானாக வேறு ஊரைச் சொன்னது. சுமங்கலி வெறும் நெற்றியோடு போகக்கூடாது, வேர்வையில் பொட்டு அழிஞ்சிருக்கு என்று அந்த அம்மாள் குங்குமச் சிமிழை எடுத்துவந்தாள். இடது கையால் தரக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, மடங்காத வலது கையை முழங்கையிலிருந்து தூக்கி, தானே வைத்துவிட்டாள். வைக்கும்போது விரல் புருவத்துக்கு மேலே ஒரு நொடி நின்றது. அங்கே கொளஞ்சிக்கு ஒரு மச்சம். அதே இடத்தில் அதே அளவில் வினோதினிக்கும் ஒரு மச்சம். போட்டோவில் அது நன்றாகவே தெரியும். கும்பிடுவதற்கு அந்த அம்மாளால் இரண்டு கையும் சேர்க்க முடியவில்லை. போய்ட்டு வாங்க என்று சொல்லவில்லை, பாத்துப் போங்கக்கா என்றாள்.

தெரிந்திருந்ததா அவளுக்கு. தெரியாமலா பேசினாள், தெரிந்தா பேசினாள். வாசலில் பிடித்தபோதே மச்சத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே இழுத்தாளா. தெரிந்தே சோறு போட்டாள் என்றால் எதற்குப் போட்டாள். கை நனைக்க வைத்துக் கட்டிப்போடவா, இல்லை சம்பந்தத்தைக் கைகழுவிவிட்டுப் போ என்று சொல்லவா. இரண்டும் சேர்த்தேவா. பொண்ணு வந்தால் ஓயும் என்று நினைக்கிறவள், வரவேண்டாம் என்றும் நினைக்கமுடியுமா. முடியும். கொளஞ்சிக்கே இந்த நிமிஷம் முடிந்தது. மகள் அங்கே போகக்கூடாது, அந்த அம்மாளுக்கு ஓயவும் வேண்டும். கிழிந்த ஒரே முந்தானையை இரண்டு பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி. அவள் விரல் பாட்டுக்குக் காலண்டர் தாளை நீவி நீவி மடிப்பு எடுத்தது. போன ஆவணியில் சொந்தத்துக் கல்யாணத்தில் திவாகரைப் பார்த்தாள். அத்தை நிக்கிறீங்களே என்று நாற்காலி தூக்கிவந்து போட்டான், ஐஸ்கிரீம் கப்பைத் திறந்து கரண்டியோடு கொடுத்தான், உங்களுக்குச் சுகர் இருக்கா, அப்ப வேணாம் என்று தானே திரும்ப வாங்கிக்கொண்டான். தங்கம் என்றுதான் அவளும் நினைத்தாள். அம்மா வரலையா தம்பி என்று கேட்டதற்கு, பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க, கையில கட்டு என்றான். முகம் மாறாமல் சொன்னான். தனபாக்கியம்கூட அடப்பாவமே என்றாள். இதையெல்லாம் இப்போது வரிசையாக அடுக்கிச் சொன்னால் என்ன ஆகும். தனபாக்கியம் அடுத்த நொடி போனை எடுப்பாள். ஏன் மச்சான், உங்க வூட்டுக்காரி வர்றவங்க போறவங்ககிட்ட இப்படிச் சொல்றாளாமே என்பாள். நாத்தனாருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, உண்மையைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்பாள். அந்த அம்மாளுக்கு இன்னும் ஒரு கை மிச்சம் இருக்கிறது. வினோதினியிடம் மட்டும் தனியாகச் சொன்னால்? அவள் மொட்டைமாடியில் போனை வைத்துக்கொண்டு, இன்றைக்கு எங்கள் வீட்டில் என்ன பொரியல் என்பதுவரை அவனுக்குச் சொல்கிறவள். உங்க அம்மா கை எப்படி ஒடஞ்சுச்சு என்று அவனையே கேட்பாள். அவன் அழுவான். அழத்தான் அவனுக்குத் தெரியுமே. இவள் நம்புவாள். முந்தாநாள் துணி மடிக்கும்போது, அவருக்குக் கோவமே வராதாம்மா என்று சிரித்தாள் பெண். எனக்கு மனசு ஒப்பலை என்று மட்டும் சொல்லிப் பார்த்தால்? காரணம் என்னடி என்பார் அவர். காரணம் இல்லாமல் ஒரு பெண்பிள்ளை மனசு ஒப்பவில்லை என்றால் அது யார் காதில் ஏறும். உப்பைத் தின்றுவிட்டுக் காட்டிக்கொடுப்பதா என்று அந்தப் பக்கம் ஒரு குரல், பெற்ற பெண்ணைக் கதவு இடுக்கில் கொண்டுபோய் வைப்பதா என்று இந்தப் பக்கம் ஒரு குரல். இரண்டுக்கும் நடுவில் அவள் தலையில் ஒன்றுமே இல்லை. வெந்து ஆறிய சோறு மாதிரி இருந்தது.

நந்தியாவட்டையை எடுத்து ஒரு தாளின் நடுவில் வைத்தாள். செவ்வரளியை எடுத்து மறுதாளில் வைத்தாள். ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இப்படியே கட்டிவைத்தால் வெள்ளைதான் வரும். வேறு எதுவும் வராது. அவள் அந்த வீட்டில் கை நனைத்துவிட்டாள். ஊருக்குத் தெரியாது, புருஷனுக்குத் தெரியாது, அம்மனுக்குத் தெரியும். வாய் திறந்து சொல்வதற்கு முன்னால் கை சரி என்று சொல்லிவிட்டது. ஒரு தடவை இல்லை, இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சொல்லிவிட்டது. சொன்ன சொல்லுக்கு அம்மன் வெள்ளையைத்தானே எடுத்துக் கொடுப்பாள். பிரகாரத்தில் பேச்சு பின்பக்கத்திலிருந்து பக்கவாட்டுக்கு வந்துவிட்டது. கடைசிச் சுற்று. நூல்கண்டு உருண்டு தூணடியில் போய் நின்றது. அதை எட்டி எடுக்கும்போது அவள் அம்மா நினைவுக்கு வந்தாள். இதே போலக் கால் நீட்டி உட்கார்ந்து, வாயில் நூலைக் கடித்துக்கொண்டு கட்டினாள், கொளஞ்சியின் கல்யாணத்துக்கு. வெள்ளை வந்தது. கொளஞ்சிக்கு அப்போது தெய்வசிகாமணியைப் பிடிக்கவில்லை, கறுப்பு, கையெல்லாம் வார்னிஷ் நாற்றம் என்று அழுதுகொண்டிருந்தாள். அம்மனே சொல்லிவிட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிச்சப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது, தண்ணீரில் போடவேண்டும் என்று சொல்லி அம்மா எழுந்து ஓடியே போய்க் கோயில் கிணற்றில் எறிந்தாள். மூட்டுவலிக்காரி. அன்றைக்கு மட்டும் எப்படி ஓடினாள். இத்தனை வருஷம் கொளஞ்சிக்கு இது தோன்றியதே இல்லை. ஏன் ஓடினாள். அம்மா, நீ எதை வைத்துக் கட்டினாய். கிணற்றையும் மூடியாயிற்று, அம்மாவும் போயாயிற்று, யாரைக் கேட்பது. அவள் இடது கையால் தாளிலிருந்த நந்தியாவட்டையை எடுத்தாள். இடுப்பில் புடவைக் கொசுவத்தில் செருகினாள். அந்த இடத்தில் இலையில் மிச்சமிருந்த இன்னொரு செவ்வரளியை வைத்தாள். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. இரண்டு தாளையும் ஒரே மாதிரி மடித்து, ஒரே மாதிரி சுற்றி, ஒரே மாதிரி முடிச்சுப் போட்டாள். அவர் பார்த்தால் மெச்சிக்கொள்வார், ஒரு சுற்றுக்கூடப் பிசகவில்லை.

பூசாரி பொட்டலங்களை வாங்கி உள்ளே கொண்டுபோனார். சூடம் காட்டினார். மணி அடித்தது. வினோதினி முகம் கழுவி, தலையைப் படிய வாரி, இருப்பதிலேயே நல்ல தாவணியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தட்டை நீட்டியதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். உதடு எதையோ முணுமுணுத்தது. கை முதலில் ஒன்றைத் தொட்டது, பிறகு மாற்றி அடுத்ததைத் தொட்டது, மறுபடி முதலாவதற்கே வந்தது. கொளஞ்சி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லிய மணிக்கட்டு. வளையல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சத்தம் போட்டது. எடுத்தாள். தெய்வசிகாமணி வாங்கிப் பிரித்தார். சிவப்பு.

 அவர் பூவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். தனபாக்கியம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "என்னடா தம்பி இது" என்றாள். பிறகு தட்டைப் பார்த்தாள். இன்னொன்று இருக்கிறதே, அதையும் பிரிச்சுப் பாத்துடலாமே, சரியாத்தான் கட்டியிருக்காளான்னு, இவ கண்ணுக்கு வெள்ளையும் ஒண்ணுதான் செகப்பும் ஒண்ணுதான் என்று கையை நீட்டினாள். பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள். அந்தக் கை தட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கொளஞ்சி பொட்டலத்தை எடுத்துவிட்டாள்.

"பிரிக்கக்கூடாதுங்க அண்ணி. எங்க வழக்கம். தண்ணியில போடணும்."

இருந்திருந்து அவள் ஒரு விஷயத்தைத் தலையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னதை அன்றுதான் கேட்டார்கள். யாரும் மறுக்கவில்லை. அவள் ஓடவில்லை. மெதுவாக நடந்தே மண்டபத்தைத் தாண்டி, அபிஷேகத் தண்ணீர் வந்து விழுகிற கல்தொட்டிக்குப் போனாள். மூடிய கையை அப்படியே உள்ளே விட்டாள். பால் கலந்த தண்ணீர், மேலே ஒன்றிரண்டு வேப்பிலை. பின்னால் தெய்வசிகாமணி அக்காவுக்குச் சமாதானம் சொல்வது கேட்டது. மச்சானுக்கு நான் என்னன்னு சொல்றது என்று அவள் கேட்க, சாமி உத்தரவு வரலைன்னு சொல்லு, அதுக்கு மேல மனுஷன் என்ன செய்யமுடியும் என்றார். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "ஏ கொளஞ்சி, நேத்து போனத நீ ஒண்ணும் சொல்லவேணாம். அம்மனே சொன்னப்புறம் நீ என்னத்தச் சொல்லப்போற" என்றார். சரி என்று தலையாட்டினாள்.

வினோதினி வந்து தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றாள். அழவில்லை. செல்போனை இரண்டு கையிலும் பிடித்திருந்தாள். வெளிச்சம் வந்து வந்து அணைந்தது. எடுக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டாள்.

"அவங்க வீடு எப்படிம்மா இருந்துச்சு?"

கொளஞ்சிக்குச் சில்லென்ற தண்ணீர் மணிக்கட்டில்தான் தெரிந்தது. விரல்களில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளங்கைக்குள் தாள் ஊறிக் கூழாகிக்கொண்டிருக்கும், நூல் நழுவியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கொசுவத்தில் செருகிய நந்தியாவட்டை இடுப்பில் எங்கோ கசங்கியது.

"வீடே கெடைக்கல கண்ணு. நம்பரெல்லாம் மாத்தி மாத்தி எழுதி வெச்சிருக்காங்க. தேடிப் பாத்துட்டு வந்துட்டேன்."

பெண் தலையைக் குனிந்துகொண்டு போய்ச் செருப்பைப் போட்டாள். அவள் வாசற்படி தாண்டித் தெருவில் இறங்குகிறவரை கொளஞ்சி தண்ணீருக்குள் இருந்த கையைத் திறக்கவில்லை.